எட்டுப் பேருக்கு ஒரே வயிறு

ஏப்ரல் 22, திங்கள்

ஆய்வகத்து ஸ்டெல்லா அக்கா புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி நாலு மாதமாகச் சும்மா கிடந்தது. மருந்துக் கம்பெனி டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மலச்சிக்கலுக்கு ஒரு யோசனை அச்சடித்திருக்கிறார்கள். என் தொழிலுக்குப் பொருத்தம்தான்.

சொந்தக்காரர்கள் என் வேலையைப் பற்றிக் கேட்டால் அம்மா "கம்ப்யூட்டர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். பொய் இல்லை. கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறேன். பார்ப்பது மற்றவர்களுடைய மலத்தில் இருக்கும் கிருமிகளின் மரபெழுத்துகளை, அதாவது டி.என்.ஏ.வை. அதை இட்லி சாப்பிடுகிறவர்களிடம் விளக்க முடியாது.

இப்போதைய ஆய்வு இதுதான். சர்க்கரை வியாதியின் வாசலில் நிற்கிற, ஆனால் மாத்திரை இன்னும் தொடாத நாற்பது பேர். பன்னிரண்டு வாரம் காலையில் கம்பங்கஞ்சி மட்டும். ஜனவரியில் ஆளுக்கு ஒரு டப்பா மலம் கொடுத்தார்கள், இந்த வியாழக்கிழமை இன்னொரு டப்பா கொடுப்பார்கள். இடையில் குடல் கிருமிகள் எப்படி மாறின, அதற்கும் ரத்தச் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். என் ஒப்பந்தம் ஜூன் 30 வரை. ஆய்வில் நல்லதாக ஏதாவது வந்தால் வேலை நீளும், வராவிட்டால் நானும் வாசலில் நிற்பேன்.

நாற்பதில் எட்டுப் பேர் அப்பாவின் ஆட்கள். ஆள் கிடைக்காமல் நான் திண்டாடியபோது தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும் தன் குழுவை அப்படியே கூட்டிவந்து நிறுத்தினார். அப்பா சோலைமலை, பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பால் பொங்குவதற்குக்கூட அவரிடம் ஒரு நேரம் உண்டு. அவரும் வாசலில் நிற்கிற ஆள்தான், எட்டில் ஒருவர். தினமும் விரலில் குத்தி, நோட்டில் எழுதி, அம்மாவிடம் வாசித்துக் காட்டுவார்.

எங்கள் வீட்டில் வியாதியே இல்லாத ஒரே ஆள் அம்மா. இரண்டு விதமாகச் சமைக்க முடியாது என்று அவளும் ஜனவரியிலிருந்து கஞ்சிதான் குடிக்கிறாள். காபியில்கூடச் சர்க்கரை போடுவதில்லை. முன்பெல்லாம் அவள் டம்ளரின் அடியில் சர்க்கரை கரையாமல் நிற்கும். வயதானால் நாக்கு மாறும் போல.

நாளை அழகர் ஆற்றில் இறங்குகிறார். டப்பா கொடுக்கும் வாரத்தில் இனிப்பைத் தொடக்கூடாது என்று அப்பா குழுவில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். அவரை நம்பலாம்.

ஏப்ரல் 23, செவ்வாய்

ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். அழகருக்குக் காட்டுவதற்காகச் செம்பு நிறைய நாட்டுச்சர்க்கரை வைத்து, மேலே திரி ஏற்றி, ஆயிரம் பேர் நின்றார்கள். காட்டி முடித்ததும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சர்க்கரையை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள்.

ஒரு பந்தல் ஓரமாக, வயதான எட்டுப் பேர் வரிசையாக உள்ளங்கையை நீட்டி நின்றார்கள். அதில் ஒருவர் அப்பா மாதிரியே சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். வெயிலில் கண் கூசியது. சரியாகத் தெரியவில்லை என்று எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 25, வியாழன்

டப்பா நாள். சுண்டுவிரல் உயரக் குப்பி, மூடியிலேயே ஒரு குட்டிக் கரண்டி. பட்டாணி அளவு போதும். அதற்கே மற்ற முப்பத்திரண்டு பேரிடம் ஸ்டெல்லா அக்கா கெஞ்சிக் கூத்தாட வேண்டியிருந்தது. ஒருவர் மூன்றாவது தடவைதான் கதவைத் திறந்தாராம். எங்கள் ஆய்வகத்தில் களப்பணி பூராவும் அவள் தலையில்தான்.

அப்பாவின் எட்டு மட்டும் காலை ஆறு பத்துக்கே பையில் தயார். எல்லாவற்றிலும் பெயர்ச்சீட்டு நேராக ஒட்டியிருந்தது.

"என்ன கயலு, எட்டும் ஒரே அளவு, ஒரே நெறம். ஸ்கூல் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் போட்டு அனுப்புன மாதிரி இருக்கு!" என்றாள் ஸ்டெல்லா அக்கா.

"எங்கப்பா பஸ்ஸையே நேரத்துக்கு விட்டவரு, அக்கா" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா அந்நேரத்துக்கே தலைக்குக் குளித்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் துணி அலசிக்கொண்டிருந்தாள். அப்பா அவளுக்குக் காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். எங்கள் வீட்டில் இது தீபாவளிக்குக்கூட நடக்காது.

ஏப்ரல் 30, செவ்வாய்

அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்தாள். மாதத்தில் ஒரு செவ்வாய் போவது வழக்கம். வழக்கம்போல நெற்றியில் குங்குமமும் இல்லை, கையில் எலுமிச்சம்பழமும் இல்லை. கூட்டமாம். சாமியையே பார்க்க முடியவில்லையாம்.

மே 27, திங்கள்

மாதிரிகள் பெங்களூர் போய் எழுத்துகளாகத் திரும்பி வந்துவிட்டன. நாற்பது பேருடைய குடலும் என் மேசை மேல். எல்லாவற்றையும் புத்தகமாக அச்சடித்தால் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் கொள்ளாது.

முதல் வேலை, அதற்குள் கலந்திருக்கும் மனித எழுத்துகளைப் பிரித்து ஒதுக்குவது. கிருமிகளைப் பற்றித்தான் அனுமதி வாங்கியிருக்கிறோம், மனிதர்களைப் பற்றி இல்லை. ஒதுக்கியதைத் திறந்து பார்க்காமல் ஒரு வாரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்பது விதி. அழிப்பேன்.

மே 29, புதன்

ஒரு ஆளுக்கு ஒரு புள்ளி என்று படம் வரைந்தேன். கிருமிகள் ஒத்துப்போகிறவர்களின் புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் விழும், ஒத்துப்போகாதவை தள்ளி விழும். நாற்பது புள்ளி வரவேண்டும். எண்ணினால் முப்பத்துமூன்று. ஏழு புள்ளியைக் காணோம்.

மதியம் வரை என் நிரலைத் திட்டினேன். பிறகு கம்ப்யூட்டரைத் திட்டினேன். நாலு மணிக்குத்தான் புரிந்தது, புள்ளிகள் எங்கேயும் தொலையவில்லை. எட்டுப் புள்ளிகள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. எட்டும் அப்பாவின் ஆட்கள்.

அதோடு முடியவில்லை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குடலில் கிருமிகள் ஒரு தனி விதமாக வரிசை மாறும். எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த தடம் அது. எட்டுப் பேரிடமும் அந்தத் தடம் அச்சு அசலாக இருக்கிறது. எட்டுப் பேரும் மாத்திரை தொடாதவர்கள்! மற்ற முப்பத்திரண்டு பேரிடம் ஒன்றுமே நடக்கவில்லை.

மே 30, வியாழன்

டாக்டர் கங்காதரன் சாரிடம் படத்தைக் காட்டினேன். சார்தான் ஆய்வின் தலைவர். பார்த்தார், எழுந்தார், ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார்.

"கயற்கண்ணி, இது என்னன்னு தெரியுதாம்மா? கம்பு மாத்திரையோட வேலையைச் செஞ்சிருக்கு!"

"மத்தவங்ககிட்ட ஒண்ணும் நடக்கலையே சார்?"

"அவங்க வீட்ல உக்காந்து கஞ்சி குடிச்சாங்க. இவங்க நடந்துட்டுக் குடிச்சாங்க. கம்பும் நடையும் சேர்ந்து எட்டுப் பேரையும் ஒரே ஆளாக்கிருச்சு பாரு."

ஒரே ஆளாக்கிவிட்டது. இந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டு அடியில் கோடு போட்டேன். பேனா பழக்கத்தில் போட்டிருக்கும். மூன்று வருஷ வேலைக்கு என் பெயரைப் பரிந்துரைக்கப் போவதாகச் சொன்னார். கேக் வெட்டினோம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அளந்தேன். கொஞ்சம் அதிகமாகவே அளந்திருப்பேன்.

"கம்பு சுகர் மாத்திரை மாதிரியே வேலை செய்யுதும்மா. கண்டுபிடிச்சது யாரு? உன் மக."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப மாத்திரையே வேணாமா?"

"வேணாம்னுதான் வச்சுக்கயேன்."

"நெசமாத்தான் சொல்றியா? நீ படிச்ச படிப்பு மேல?"

"நான் படிச்ச படிப்பு மேல."

அம்மாவுக்கு என் வேலையில் இவ்வளவு அக்கறை வந்து நான் பார்த்ததில்லை. இரண்டாவது தோசைக்கு நெய் விட்டாள்.

ஜூன் 3, திங்கள்

அம்மா மாம்பழம் சாப்பிடுகிறாள். இமாம்பசந்த். கொட்டையைக்கூட விடவில்லை. எத்தனையோ வருஷமாகப் "பல்லு கூசுது" என்று தொடாமல் இருந்தவள். பல் சரியாகிவிட்டது போல.

மனித எழுத்துகளை இன்னும் அழிக்கவில்லை. நாளைக்கு.

ஜூன் 6, வியாழன்

குளியலறையில் எறும்பு. அம்மா அப்பாவைச் சுட்டினாள், "இந்தாளுக்குத்தான் சுகரு எல்லையில நிக்கிதே." அப்பா பதறிப்போய் மூன்று வேளையும் விரலைக் குத்திப் பார்த்தார். எப்போதும் போலத்தான் இருக்கிறது. அப்படியானால் வெயிலுக்கு வந்த எறும்பு. சாக்பீஸ் வாங்கிக் கோடு போட்டுவிட்டேன்.

குடத்துத் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. இதுவும் வெயில்.

ஜூன் 10, திங்கள்

பத்திரிகைக்காரர்களை 20ஆம் தேதி கூப்பிடுகிறார் சார். "மாத்திரைக்கு மாற்று, நம் கம்பு" என்று பேனருக்கு வாசகமும் எழுதிவிட்டார்.

இன்று வேலை ஒன்றும் இல்லாததால் சும்மா ஒரு விஷயம் பார்த்தேன். ஒரே கிருமி இரண்டு பேர் வயிற்றில் இருந்தாலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்காது. ஒரே பாடத்தை இரண்டு பிள்ளைகள் எழுதினால் கையெழுத்து வேறாக இருப்பது போல. ஒரே வீட்டில் சேர்ந்து சாப்பிடும் புருஷன் பெண்டாட்டிக்கே பாதிக்கு மேல் ஒத்துப்போகாது. அப்பாவின் எட்டுப் பேருக்கும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. ஜனவரியில் அவரவர் வயிற்றில் இருந்த கிருமிகள் எட்டுப் பேரிடமும் குடும்பத்தோடு காலி செய்துகொண்டு போயிருக்கின்றன.

ஒரே குளத்தைச் சுற்றி நடக்கிறார்கள். ஒரே காற்று. ஒரே டீக்கடை. இருக்கலாம்.

ஜூன் 11, செவ்வாய்

இருக்காது.

ஜூன் 12, புதன்

இருக்கலாமே. உலகத்தில் எவ்வளவோ நடக்கிறது. மூன்று வருஷ வேலைக்கான பாரத்தைப் பூர்த்தி செய்தேன்.

ஜூன் 13, வியாழன்

ஒதுக்கிவைத்த மனித எழுத்துகளைத் திறந்தேன். செய்யக்கூடாது. என்றைக்கோ அழித்திருக்க வேண்டும். என் சோம்பேறித்தனத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பலன்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ஆண் என்றால் ஒய் குரோமோசோமின் துண்டுகள் கொஞ்சமாவது கிடக்கும். ஜனவரி டப்பாக்களில் எட்டிலும் கிடந்தன. ஏப்ரல் டப்பாக்களில் எட்டிலும் சல்லடை போட்டுச் சலித்தேன், ஒன்றுகூட இல்லை.

அப்பாவோடு நடக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ரெத்தினவேல் மாமா, மீசையைக் கையால் நீவிவிட்டுக்கொண்டே பேசுபவர், என் கணக்குப்படி ஒரு பெண். மற்ற ஏழு பேரும் அதே பெண். அந்தப் பெண் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாள்.

ஜூன் 14, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன்.

அப்பா காலையில் நடந்துவிட்டு வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, ஏப்ரல்ல குடுத்த டப்பா யாரோடது?"

"எங்களோடதுதான். வேற யாரோடது?"

"எட்டும் ஒரே ஆளோடது. அதுவும் பொம்பளை."

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எந்த இக்கட்டிலும் அவர் முதலில் நேரம்தான் பார்ப்பார். பிறகு செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கம்ப்யூட்டர் அதெல்லாமா சொல்லும்?"

"சொல்லும்."

"தப்பா எடுத்துக்காத தாயி. திருவிழா மூணு நாளும் எங்க ஆளுக வாயைக் கட்ட முடியல. பந்தல் பந்தலாப் போயிச் சக்கரையும் பானகமும் பொங்கலும்... நானுந்தான். டப்பா அன்னைக்குப் பாதிப் பேருக்கு வயிறு போயிருச்சு, மீதிப் பேருக்கு வரவே இல்ல. ரெத்தினவேல் அண்ணன்தான் சொன்னாரு, 'சோலை, நம்மளோடத குடுத்தா உன் மக ஆராய்ச்சி பாழாப் போயிரும். வெரதம் ஒழுங்கா இருந்தவுகதான்யா குடுக்கணும்'னு. எங்கள்ல ஒருத்தன்கூட ஒழுங்கா இல்லையே? பன்னெண்டு வாரமும் கஞ்சியத் தவிர எதையும் தொடாதது யாருன்னு யோசிச்சேன்."

"யாரு?"

அப்பா சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதக் கூச்சமாக இருந்தாலும் அதுதான் உண்மை. எட்டு ஆண்களின் மானத்தை என் அம்மா ஒரே காலையில் காப்பாற்றியிருக்கிறாள். காப்புக் கட்டியவன் விரதம் முறித்தால் இன்னொருவர் முடித்துக் கொடுக்கிற மாதிரி என் ஆய்வை நினைத்திருக்கிறார்கள். வஞ்சகம் ஒன்றும் இல்லை, பாசத்தில் செய்த காரியம். அப்பா பாவமாக விழித்தார். "ஆரம்பத்துல முடியாதுன்னுட்டா. பிள்ளைக்கு வேலை போயிரும்னு சொன்னதும் 'எத்தனை டப்பா?'ன்னு கேட்டா" என்றார்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே நேற்றைய கடைசி வரி ஞாபகம் வந்தது. அந்தப் பெண் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாள்.

அம்மா சமையலறையில் இல்லை. உள்ளே படுத்திருந்தாள். காலை ஏழரைக்கு அம்மா படுத்து நான் பார்த்ததே கிடையாது. உதடு காய்ந்திருந்தது. தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"அம்மா, நீ சுகர் மாத்திரை சாப்பிடுறியா?"

"இல்லடி."

"பொய் சொல்லாத. எல்லாம் தெரியும்."

"மாரியாத்தா மேல சத்தியமா இல்ல. நிறுத்தி ரெண்டு வாரமாச்சு."

"யாரு நிறுத்தச் சொன்னா?"

"நீதான்."

அம்மா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. டாக்டர் பெயரைச் சொல்வது போல மரியாதையாகச் சொன்னாள். "படிச்ச படிப்பு மேலன்னு சொன்னியே. நானும் கஞ்சி மட்டும் போதும்னு விட்டுட்டேன். மாம்பழ சீசன் வேற."

அப்பாவின் மெஷினைக் கொண்டுவந்து அம்மாவின் விரலில் குத்தினேன். அந்த மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருஷமாகிறது. அம்மாவின் விரலை அது பார்ப்பது இன்றுதான் முதல் தடவை. 418. அப்பா வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நோட்டில் எழுதவில்லை.

ஆட்டோவில் நான் அழுதேன். அம்மாதான் தோளைத் தட்டிக்கொண்டே வந்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். வீட்டில் எறும்பை வைத்துக்கொண்டு சாக்பீஸ் கோடு போட்டவள் நான் ஒருத்திதான்.

ஜூன் 15, சனி

டிரிப்ஸ், இன்சுலின். 260க்கு இறங்கியிருக்கிறது. நல்ல வேளை சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். எவ்வளவு நாளாகச் சர்க்கரை என்று கேட்டார்.

"ஒரு ஆறு மாசமா" என்றாள் அம்மா.

மாதம் ஒரு செவ்வாய் அவள் போவது கோயிலுக்கு இல்லை, அதற்கு அடுத்த தெருவில் இருக்கிற சுகாதார நிலையத்துக்கு. மாத்திரைகளைக் காலியான பெருங்காய டப்பாவில் வைத்திருந்தாள். அந்த அலமாரியை நானோ அப்பாவோ திறக்கமாட்டோம் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

ஜூன் 16, ஞாயிறு

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "உள்ளதச் சொல்லு பஞ்சவர்ணம்" என்றார். "ஒரு வருசம் இருக்கும்" என்றாள்.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"ஒங்களுக்கு எல்லையில நிக்கிதுன்னதுக்கே நோட்டுப் போட்டு மணி அடிக்கிறீக. எனக்கும் ஒரு நோட்டுப் போட்டா நான் என்னைக்கு நிம்மதியா ஒரு முறுக்கு திங்கிறது?"

நர்ஸ் திரும்பி நின்று சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் வெளியே போனதும் அம்மா என்னிடம் ரகசியமாக, "ரெண்டு வருசம். அந்தாளுகிட்டச் சொல்லாத" என்றாள்.

ஜூன் 18, செவ்வாய்

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் ஆய்வகத்துக்குப் போனேன். போகும் வழியெல்லாம் இரண்டு யோசனை. எட்டு டப்பாவும் கெட்டுவிட்டன, கணக்கில் சேர்க்க முடியாது என்று பூசி மெழுகிவிடலாம். யாருக்கும் ஒன்றும் தெரியாது, பாரமும் கையெழுத்தாகிவிடும். அல்லது உள்ளதைச் சொல்லலாம். பேருந்தில் இருந்த அரை மணி நேரமும் முதல் யோசனை நன்றாகத்தான் இருந்தது.

சார் கண்ணாடி முன்னால் நின்று உரையைப் பழகிக்கொண்டிருந்தார். "மாத்திரைக்கு விடை கொடுக்கும் நாள்..." என்று கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. மதுரையில் எத்தனை சமையலறையில் எத்தனை பெருங்காய டப்பா இருக்கும்? நான் ஒரு தோசைக்கு முன்னால் அளந்ததற்கே ஒருத்தி ஆஸ்பத்திரி போய்விட்டாள். இவர் மைக்கில் அளக்கப்போகிறார்.

"சார், எட்டுப் பேரும் ஒரே ஆள்."

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன்."

"இல்ல சார். நெசமாவே ஒரே ஆள்."

சார் கையை இறக்கினார். "யாரு?"

"ஒரு லேடி சார். மெட்ஃபார்மின் சாப்பிடுறவங்க."

"உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"கொஞ்சம் தெரியும் சார்" என்றேன். பிறகு, "எங்கம்மா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அழகர், சர்க்கரைச் செம்பு, ஆறு பத்து, எறும்பு, 418. விதியை மீறி மனித எழுத்தைத் திறந்ததையும் சொன்னேன். ஆற்றங்கரையில் எட்டுப் பேரையும் அன்றைக்கே கண்ணால் பார்த்ததையும், கண் கூசியது என்று எனக்கே எழுதிக்கொண்டதையும் சொன்னேன். சார் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்டார். அதற்காக அவரை எனக்கு எப்போதும் பிடிக்கும். அடுத்ததாக, "ஸ்டெல்லா, அந்த பேனர்காரனுக்கு உடனே போன் போடு" என்று கத்தினார். அவன் அடித்து முடித்துவிட்டானாம்.

ஜூன் 28, வெள்ளி

மூன்று வருஷ வேலை போய்விட்டது. பாரத்தைச் சார் என் கண் முன்னாலேயே கிழித்தார், மெதுவாக, வருத்தத்தோடு. நெறிமுறைக் குழு எனக்கு இரண்டு பக்கக் கண்டனக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அதே குழு, எட்டுப் பேரிடமும் மறுபடி முதலிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும், குழப்பம் முழுவதையும் அறிந்தவர் ஒருவரே என்பதால் அவரை மூன்று மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு கடிதமும் அனுப்பியிருக்கிறது. இரண்டையும் ஒரே உறையில் போட்டிருந்தார்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் ஒரு தனிப் பிரிவாகச் சேர்க்கலாம் என்று சார் சொல்கிறார். அந்தத் தடத்தை இவ்வளவு சுத்தமாக அவர் எங்கேயும் பார்த்ததில்லையாம். அம்மாவிடம் சொன்னேன். "எம்புட்டுச் சுத்தமா?" என்று கேட்டாள்.

ஜூலை 8, திங்கள்

காலையில் எட்டுப் பேரும் எங்கள் வீட்டு ஹாலில் கூடினார்கள். ஸ்டெல்லா அக்கா ஆளுக்கொரு டப்பா கொடுத்து, "அவரவர் டப்பா அவரவர். கம்ப்யூட்டர் எல்லாத்தையும் சொல்லிரும்" என்று மிரட்டினாள். ரெத்தினவேல் மாமா மீசையைத் தொடவே இல்லை. கம்ப்யூட்டர் தன்னைப் பற்றி வேறென்ன சொன்னது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். பெண் என்று சொன்னது என்றேன். பாவம், டப்பாவோடு போய் வரிசையில் கடைசியில் உட்கார்ந்துகொண்டார்.

மாத்திரைப் பிரிவில் அம்மாதான் முதல் ஆள். மகள் கேள்வி கேட்கக்கூடாது என்பது விதி. இந்த முறை விதிப்படி நடக்கிறேன். ஸ்டெல்லா அக்கா உள்ளறையில் கட்டிலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாரத்தை விரித்தாள். நான் கதவோரம் நின்றேன். கதவு திறந்தே இருந்தது.

பெயர் பஞ்சவர்ணம். வயது ஐம்பத்தேழு. காலை உணவு கம்பங்கஞ்சி. மாத்திரை உண்டு.

"எத்தனை வருஷமா சுகர் இருக்கும்மா?"

அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "இதுல தப்பாச் சொன்னா என்னாகும்?"

"எல்லாக் கணக்கும் தப்பாயிரும். உங்க மகதான் உக்காந்து திருத்தணும்."

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். ஹாலில் எட்டுப் பேரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். அப்பா டப்பாவைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றார்.

"அப்ப சரியாவே எழுதிக்க தாயி" என்றாள் அம்மா. "ஆறு வருசம்."

ஸ்டெல்லா அக்கா எழுதினாள். நான் இந்தக் குடல் கிருமிப் படிப்பில் சேர்ந்தும் அதே ஆறு வருஷம் ஆகிறது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கேள்வியைக் கேட்கச் சொன்னாள் அம்மா.